இரண்டு நிமிடத்தில் காணாமல் போகிறவர்கள்

ஜூன் கடைசியில் தென் இங்கிலாந்தில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். பிரைட்டன் கடற்கரையின் கூழாங்கற்களில் முக்காலியை ஊன்றும் பயணப் புகைப்படக்காரர் முதல் நாள் இரவே ஓத அட்டவணையைப் பார்த்து வைத்திருப்பார். எதிரே கடலுக்குள் துருப்பிடித்து நிற்கிறது ஓர் இரும்புக் கூடு. 1866இல் திறந்து, 1975இல் மூடி, 2003இல் தீக்கிரையான மேற்குக் கடற்பாலத்தின் மிச்சம் அது. லென்ஸின் முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி ஃபில்டரை மாட்டுகிறார். வெளிச்சத்தை அது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். ஒரு நொடியின் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும் என்றிருந்த ஷட்டர் இப்போது இரண்டு நிமிடம் திறந்திருக்க வேண்டும். அலைகள் பனிமூட்டமாகக் கரைகின்றன. வானம் பட்டுப்போல் இழுபடுகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் நாயோடு குறுக்கே நடந்துபோன முதியவரும், நீந்தப் போன பெண்ணும் படத்தில் பதியவே மாட்டார்கள்.

நாள்காட்டியிலும் பயண இதழ்களிலும் நாம் காணும் இங்கிலாந்துக் கடற்கரை பெரும்பாலும் இப்படி எடுக்கப்பட்டதுதான். அழகு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கரையைப் படமெடுத்தவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, மனிதர்களைப் படத்துக்குள் கொண்டுவர எத்தனை பேர் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது தெரிகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆளற்ற கரையைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தொடக்கத்தில் கரை வெறுமையாகத் தெரிந்ததற்குக் காரணம் தொழில்நுட்பம். பிரான்சிஸ் ஃப்ரித் 1860 வாக்கில் ரைகேட் நகரில் தன் நிறுவனத்தைத் தொடங்கி, நாட்டின் ஒவ்வொரு ஊரையும் படமாக்கப் புறப்பட்டார். அன்றைய ஈரத் தகடுகளுக்குப் பல நொடி வெளிச்சம் வேண்டும். நடப்பவர் புகைபோல் கலைந்துவிடுவார், அசையாமல் நிற்பவர் மட்டுமே பதிவார். 1880களில் உலர்தகடு பரவியபின் நிலைமை மாறியது. விட்பி துறைமுகத்தில் ஃபிராங்க் மெடோ சட்கிளிஃப் 1886இல் எடுத்த படத்தில் அம்மணச் சிறுவர்கள் படகைச் சுற்றி நீரில் விளையாடுகிறார்கள். ஆறு ஆண்டு கழித்து, மரச்செதுக்குத் தொழிலாளியான பால் மார்ட்டின், சிப்பம்போல் தெரியும் ஒரு பெட்டிக் கேமராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிரேட் யார்மத் மணலில் நடந்தார். அணைத்தபடி படுத்துக் கிடந்த காதலர்களை அவர்கள் அறியாமலே எடுத்தார். அதில் அத்துமீறல் இல்லாமல் இல்லை. ஆனாலும் விக்டோரியா காலத்து உழைக்கும் மக்கள் விறைப்பில்லாமல், சிரித்த முகத்தோடு நமக்குக் கிடைப்பது அந்தச் சிப்பத்திலிருந்துதான்.

அவர்கள் ஏன் அங்கே வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1841இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் வந்தது. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. லங்காஷைரின் பஞ்சாலை ஊர்கள் ஆண்டுக்கொரு வாரம் ஆலைகளை மொத்தமாக மூடிவிட்டு பிளாக்பூலுக்குக் கிளம்பின. மழையோ காற்றோ, கிடைத்த அந்தச் சில நாளை வீணாக்க யாருக்கும் மனம் வரவில்லை. கம்பளிக் கோட்டோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவி அங்கே கேலிச்சித்திரம் அல்ல. சம்பாதித்த விடுப்பை விட்டுக்கொடுக்காத மனுஷி அவர்.

அந்தக் கூட்டத்தை நம்பியே ஒரு தொழில் வளர்ந்தது. இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் கடலோர நடைபாதைகளில் 'வாக்கீஸ்' புகைப்படக்காரர்கள் நின்றார்கள். எதிரே நடந்துவரும் குடும்பத்தைச் சட்டென்று எடுத்து, கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். பிற்பாடு கடைக்குப் போய்க் காசு கொடுத்துப் பிரிண்டை வாங்கிக்கொள்ளலாம். மார்கேட்டின் சன்பீம் நிறுவனம் இதில் பெயர்பெற்றது. கலைப் புத்தகங்கள் இந்தப் படங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. என் மதிப்பீட்டில் ஆங்கிலக் கடற்கரையின் மிக நேர்மையான படங்கள் இவை. படத்தில் இருப்பவரே விலை கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போன படங்கள்.

1966 முதல் 1969 வரை டோனி ரே-ஜோன்ஸ் ஒரு வேனில் இங்கிலாந்தைச் சுற்றினார். அமெரிக்காவில் பயின்று திரும்பிய இளைஞர். நெருங்கிப் போக வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும், அவசரப்படக் கூடாது என்று குறிப்பேட்டில் தனக்குத்தானே கட்டளை எழுதிக்கொண்டார். அவர் படத்தில் கதை ஒன்றல்ல. பீச்சி ஹெட் அருகே உல்லாசப் படகில் 1967இல் எடுத்ததைப் பாருங்கள். ஓர் இளம் இணை நெருங்கி நிற்க, சுற்றியுள்ள பயணிகள் ஒவ்வொருவரும் தத்தம் நினைப்பில் இருக்கிறார்கள். ஒரு சட்டகத்துக்குள் ஐந்தாறு சிறுகதைகள். இவரும் ஓர் ஊரில் ஒரு பகலோ இரண்டு பகலோ மட்டுமே தங்கும் பயணிதான். நாள் குறைவு என்பது சாக்காகாது என்பதற்கு இவரே சாட்சி. 1972இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது வயது முப்பது. அவருடைய 'எ டே ஆஃப்' நூல் 1974இல் வந்தது.

அவரைப் பார்த்து வளர்ந்தவர் மார்ட்டின் பார். இளமையில் ஃபைலி நகரின் பட்லின்ஸ் விடுமுறை முகாமில் வாக்கீஸ் வேலை பார்த்தவர். ஜான் ஹைண்ட் நிறுவனத்தின் பளபளக்கும் வண்ண அஞ்சலட்டைகள்மீது அவருக்குத் தீராத ஈர்ப்பு. 1983 முதல் 1985 வரை லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள நியூ பிரைட்டனில், பட்டப்பகலிலும் ஃபிளாஷ் அடித்து வண்ணப்படம் எடுத்தார். குப்பை வழியும் தொட்டிகள், ஐஸ்கிரீம் கடையில் நெரிசல், மண்வாரி இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரத்தை ஒட்டிக் குப்புறப் படுத்து வெயில் காயும் தாய். லண்டனில் 1986இல் இவற்றைப் பார்த்தவர்கள் ஏழைகளை எள்ளுகிறார் என்று கொதித்தார்கள். லிவர்பூலில் காட்டியபோது அந்தச் சலசலப்பு இல்லை. அது அவர்கள் தினம் பார்க்கும் கரை. எள்ளல் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. வேலையின்மை வாட்டிய ஊரில் குப்பை அள்ளப் பணமில்லாவிட்டாலும் மக்கள் வெயிலுக்கு வந்தார்கள். அந்தப் படங்களில் குற்றவாளியாக நிற்பது மக்கள் அல்ல. ஆனாலும் ஃபிளாஷ் வெளிச்சம் ஒரு முகத்தை அறிய முனைவதில்லை, பிடித்துக்கொண்டு ஓடிவிடுகிறது. அந்தக் குறை அவரிடம் உண்டு.

அறிய முனைந்தவர் கிறிஸ் கில்லிப். நார்தம்பர்லாந்தின் லைன்மவுத்தில் சுரங்கக் கழிவைக் கடலில் கொட்டுவார்கள். கல்லைவிட எடை குறைந்த கரித்துண்டுகளை அலை கரைக்குத் தள்ளும். குதிரை வண்டியை அலைக்குள் ஓட்டி அந்தக் கரியை அள்ளிப் பிழைத்தன சில குடும்பங்கள். 1976இல் கில்லிப் முதலில் போனபோது அடித்து விரட்டாத குறை. பலமுறை முயன்று 1982இல்தான் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு அங்கேயே ஒரு கேரவனில் குடியிருந்தார். குதிரையும் வண்டியும் மனிதனும் கடலும் ஒரே கறுப்பில் தோய்ந்த அந்தப் படங்களுக்கு நிகராக ஆங்கிலக் கடற்கரையிலிருந்து நான் வேறொன்றைக் கண்டதில்லை. அதே வடகிழக்குக் கரையில் ஃபின்லாந்திலிருந்து வந்த சிர்க்கா-லீசா கொன்டினெனும், பிராக் நகரத்து மார்கெட்டா லுஸ்காச்சோவாவும் குளிரில் நடுங்கியபடி சிரிக்கும் குடும்பங்களைப் பரிவோடு எடுத்தார்கள். அந்தப் பரிவு வெளியூரிலிருந்து வந்த கண்களுக்கு வாய்த்தது என்பது பயணப் புகைப்படக்காரர்களுக்குத் தெம்பு தரவேண்டும்.

இத்தனை பேர் எடுத்தும் விடுபட்டவர்கள் உண்டு. கயானாவில் பிறந்த இங்க்ரிட் பொலார்ட் 1980களின் இறுதியில், கறுப்பின மக்களை ஆங்கில நிலக்காட்சிக்குள் நிறுத்தி, இது யாருடைய நிலம் என்று கேட்டார். 2004 பிப்ரவரி இரவில் மோர்கம்ப் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள், குறைந்தது 21 பேர், ஏறிவந்த ஓதத்தில் மாண்டார்கள். இன்றும் அந்த விரிகுடா அந்திச் செம்மைக்காகவே படமெடுக்கப்படுகிறது.

இன்றைய புகைப்படக்காரரின் தயக்கம் எனக்குப் புரியாமலில்லை. பொது இடத்தில் படமெடுக்க இங்கிலாந்தில் சட்டத் தடை இல்லையென்றாலும், குழந்தைகள் இருக்கும் கரையில் கேமராவைத் தூக்கினால் சந்தேகப் பார்வை விழும். அதற்கும் வழி உண்டு. சைமன் ராபர்ட்ஸ் 2007இல் குடும்பத்தோடு ஒரு மோட்டார் வீட்டில் நாடு சுற்றி, அதன் கூரைமேல் பெரிய தகட்டுக் கேமராவை வைத்து, அகன்ற நிலத்தில் சின்னச் சின்ன மனிதர்கள் விடுமுறையைக் கழிப்பதை எடுத்தார். முகம் அடையாளம் தெரியாவிட்டாலும் மனிதர் இருக்கிறார். அருகே போக விரும்புகிறவர் கேட்டுவிட்டு எடுக்கலாம், பிரிண்டை அனுப்பிவைக்கலாம்.

அந்தக் கரைக்குப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். விடியலில் ஒரு படம் ஃபில்டரோடு எடுங்கள். பிறகு அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குச் சாய்வு நாற்காலிகளை விரிக்க வருகிறவர்கள் வரும்வரை அங்கேயே இருங்கள்.