வெயிட்டிங் லிஸ்ட் தந்த நாள்

ஆயுதபூஜை லீவுக்கு மதுரை போவதாக இருந்தது. டிக்கெட் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. கட்டிய பையைப் பிரிக்க மனசில்லாமல் டூவீலரை எடுத்துக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்குப் போனேன். ஓசூரில் இத்தனை வருஷம் இருந்தும் ஷிப்ட் நேரத்துக்கு ஓடியதுதான் மிச்சம்; நின்று பார்த்ததில்லை.

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, தமிழ்நாட்டுக்குள் வந்ததும் முதலில் இளைப்பாறுவது இங்கேதான். அணையின் முழு உயரம் 44.28 அடி. மதகு திறந்திருந்தது. கீழே, பஞ்சுப்பொதியை உதறிக் கொட்டியதுபோல வெள்ளை நுரை. கண் மயங்கும், மூக்கு மயங்காது. பெங்களூருப் பக்கத்துச் சாக்கடையும் ஆலைக்கழிவும் சோப்புத்தண்ணீரும் சேர்ந்து பொங்குகிற நுரை அது. நல்ல மழைக்காலத்தில் ஆற்றையே மூடிவிடும். அதன் முன்னால் செல்ஃபி எடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒன்று எடுத்தேன், பிறகு அழித்தேன்.

நுரைக்கு முதுகைக் காட்டிக் கரையில் நடந்தால் வேறு ஊர். பூஜைக்குப் பறித்த சாமந்தி மூட்டைகள் பைக்கில் போகின்றன. டீக்கடைக்காரர் தெலுங்கில் விசாரித்து, கன்னடத்தில் கடன் கேட்டவரை விரட்டி, என்னிடம் தமிழில், "சர்க்கரை கம்மியாண்ணா?" என்றார்.

நாளைக்கு கிருஷ்ணகிரி அணை. அங்கே மீன் வறுவல் பிரமாதம். இதே ஆறுதான் அங்கும் போகிறது. அதுதான் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.