கைவாகு

கீழ்வேளூர் காவிரியின் கடைமடைப் பக்கம். தண்ணீரை நம்பி நாற்றுவிடாமல், புழுதியிலேயே சம்பா நெல்லைத் தெளித்துவிடுவது இங்கே வழக்கம். கூடையை இடுப்பில் அணைத்து, காற்று வாட்டம் பார்த்து, அடிவைக்கும் தாளத்துக்குக் கையை வீச வேண்டும். விதை குவியவும் கூடாது, திட்டு விழவும் கூடாது.

இந்தத் திறமைக்குப் பெயர் கைவாகு. கைராசி வேறு, அது அதிர்ஷ்டக் கணக்கு. கைப்பக்குவம் சமையலுக்கும் மருந்துக்கும் போய்விட்டது. கைவாகை யாரும் ‘கற்றேன்’ என்பதில்லை, ‘வந்துருச்சு’ என்பார்கள். பிடிக்கத் தோதான அரிவாளும் ‘கைவாகாத்தான்’ இருக்கும். மனிதருக்கும் கருவிக்கும் ஒரே பாராட்டு, எனக்குப் பிடித்த சிக்கனம்!

கைவாகு வராதவரின் வயல் முளைத்ததும் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் நெருக்கத்தில் பிடுங்கித் திட்டுகளில் நட, தனியாக ஆள்கூலி.