கோவலூர் ஔவையும் பெண்ணின் முதுமையும்

ஔவை என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ் மக்கள் நெஞ்சில் தோன்றுவது நரைத்த கூந்தலும் தளர்ந்த மேனியும் ஊன்றுகோலும் உடைய ஒரு மூதாட்டியின் உருவமே ஆகும். 1953ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற வடிவமும், 1968ஆம் ஆண்டில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலையும் அவ்வுருவத்தையே உறுதிசெய்தன. ஔவையார் ஒருவரா, பலரா என்னும் வினாவை அறிஞர் பலர் முன்னரே ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சியை மீண்டும் தொடங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பெண் தன் தோற்றத்தையும் மூப்பையும் எவ்வாறு உணர்ந்தாள் என்பதற்கு ஔவை கதை தரும் சான்று யாது, அது மறைப்பது யாது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

இவ்வாராய்ச்சிக்கு உரிய களம் திருக்கோவலூர். கல்வராயன் மலை முதல் பெண்ணையாற்றங்கரை வரை பரந்து, 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில் இன்று அவ்வூர் அடங்கியுள்ளது. சங்க காலத்தில் அது மலையமான் திருமுடிக்காரியின் தலைநகர். அதியமான் அவ்வூரை வென்றதனையும், அவ்வெற்றியைப் பரணர் பாடியதனையும் ஔவையாரே புறநானூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் பாட்டில் குறிப்பிடுகின்றார். பிற்காலக் கதையோ அதே ஊரில் பாரி மகளிர்க்கு மணம் செய்து வைத்தவராக ஔவையைக் காட்டுகின்றது. ஆயின், அவ்வூர் வீரட்டானத்தில் உள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டு, பாரி மகளை மலையர்க்கு அளித்த பெருமையைக் கபிலர்க்கே உரித்தாக்குகின்றது. புலவர் ஒருவர் செய்த செயலைப் பிற்கால மரபு ஒரு மூதாட்டியின்பால் ஏற்றியது. அதற்குக் காரணம் இருத்தல் வேண்டும்.

சங்க ஔவையார் பாடியனவாக நமக்குக் கிடைப்பன 59 பாடல்கள். புறநானூற்று எண்பத்தொன்பதாம் பாட்டில், பகைவேந்தன் அணிகளால் பொலிந்த, மை தீட்டிய கண்களையுடைய விறலியை விளித்து வினவுகின்றான். அவ்விறலி ஔவையாரே எனக் கொள்ளினும், புலமைக் கூற்றெனக் கொள்ளினும், பாடியவர் முதியவர் என்பதற்கு ஆண்டுக் குறிப்பு இல்லை. குறுந்தொகை எண்பதாம் பாட்டு இன்னும் தெளிவானது. கூந்தலில் ஆம்பற்பூவைச் சூடிப் புதுவெள்ளம் வந்த துறைக்குச் செல்லும் பரத்தை, அஞ்சுவாளாயின் தன் கணவனைக் காத்துக்கொள்க எனத் தலைவியை நோக்கி அறைகூவுகின்றாள். ஒப்பனை இங்குப் பெண்ணின் பெருமிதத்திற்குக் கருவியாகின்றது. அதனை இத்துணை நுட்பமாக உணர்ந்து பாடிய புலவர் பெயரே பின்னர் ஒப்பனை துறந்த முதுமைக்கு அடையாளமாயிற்று என்பது கருதற்பாலது.

மணம் பேசப்பட்ட காலத்தில் விநாயகரை வேண்டி இளம் பருவத்திலேயே முதுமையைப் பெற்றாள் ஔவை என்பது வழங்கிவரும் கதை. இதனைப் பத்திமைக் கதை என்று மட்டும் கொண்டு கடந்து போதல் தகாது. தனித்து வழிநடந்து, மூவேந்தர் அவையிலும் அஞ்சாது பேசி, பிறர் மணத்தை முன்னின்று நடத்தும் பெண்ணொருத்தியை மரபு கற்பனை செய்ய வேண்டியிருந்தது. அழகுடைய இளம்பெண்ணாக அவளைக் கற்பனை செய்ய அம்மரபால் இயலவில்லை. ஆதலின் மூப்பு அவளுக்குக் காவலாயிற்று. கபிலர்க்கு அத்தகைய காவல் வேண்டப்படவில்லை என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

காரைக்கால் அம்மையார் வரலாறு இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. கணவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துப் பேய்வடிவு வேண்டினார் அம்மையார் எனச் சேக்கிழார் கூறுவர். அம்மையார் உலகியலை விட்டு நீங்கினார். ஔவையோ உலகியலுள்ளேயே நின்றாள். ஆயினும், பெண்ணின் அழகு பிறர்க்குரிய பொருள், தன் வாழ்வைத் தனதாக்க விழைபவள் அதனைத் திருப்பித் தருதல் வேண்டும் என்னும் எண்ணம் இரு கதைகளுக்கும் பொதுவாக உள்ளது. ஔவை கதையின் ஆற்றலும் குறையும் இவ்விடத்திலேயே உள்ளன. அது பெண்ணின் முதுமைக்கு மதிப்பளித்தது. ஆனால் இளமைக்கும் முதுமைக்கும் இடைப்பட்ட வாழ்வை முற்றும் நீக்கிவிட்டது.

இவ்விடைவெளி ஔவை கதைக்கு மட்டும் உரியதன்று. உலா நூல்களில் பேதை முதலாகப் பெண்களின் பருவம் ஏழாக எண்ணப்படுகின்றது. இறுதியாகிய பேரிளம்பெண்ணின் வயது நாற்பதோடு முடிகின்றது. அதன்பின் அவ்வரிசையில் பெண்ணுக்குப் பெயரே இல்லை. புறநானூற்றிலும் ஒரு வேறுபாட்டைக் காண்கின்றோம். தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமை விளையாட்டுகளை எண்ணித் தம் முதுமைக்குத் தாமே இரங்குகின்றார் (243). பிசிராந்தையார் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறுகின்றார் (191). ஆனால் வெண்ணரைக் கூந்தலையுடைய முதியவளும் (277), நரம்பு எழுந்து வற்றிய தோளையுடைய தாயும் (278) பிறர் காண நிற்கின்றனரேயன்றித் தம் மேனியைப் பற்றித் தாம் ஒன்றும் கூறுவதில்லை. வீரமகனைப் பெற்ற சிறப்பினால் அவர்கள் புகழப்படுகின்றனர். அகநானூற்று முப்பத்தைந்தாம் பாட்டில், உடன்போன மகளின் கூந்தலுக்குக் கோவலூர்க் காரியின் பெண்ணையாற்று நுண்மணலின் நெறிப்பை ஒப்பாகக் கூறும் தாயும் அத்தகையளே. ஈன்று வளர்த்த தன்னை மகள் நினையாமைக்கு அவள் வருந்துகின்றாள். தன் தோற்றத்தைப் பற்றிப் பேசினாளில்லை.

இம்மௌனம் கலையும் இடம் மருதத்திணையே. நற்றிணை 380ஆம் பாட்டில், பாணனுக்கு வாயில் மறுக்கும் தோழி, தலைவியின் நிலையைத் தன்னோடு சேர்த்து ‘நாம்’ எனவே பேசுகின்றாள். நெய்யும் தாளிப்புப் புகையும் பட்டு ஆடை மாசடைந்தது. மகனை அணைத்த தோளில் பால் மணம் கமழ்கின்றது. பரத்தையர் சேரியில் தேரூரும் தலைவனுக்கு நாம் ஒப்பாகோம் என்பது அவள் கூற்று. அகநானூற்று ஆறாம் பாட்டில் பரணரின் தலைவி இன்னும் நேராகப் பேசுகின்றாள். நேற்றுப் பரத்தையொடு புனலாடிய தலைவன் இன்று வந்து அவளைக் கற்புடைய புதல்வன் தாய் எனப் பாராட்டுகின்றான். அப்பாராட்டினைத் தன் முதுமையை இகழும் பேச்சாகவே அவள் உணர்கின்றாள். தாய்மையைப் புகழ்வது அழகை மறுப்பதாகவும் அமையலாம் என்னும் இவ்வுணர்வு மிக நுண்ணியது. குறுந்தொகைப் பரத்தையின் ஆம்பற்பூவை இதனருகில் வைத்துப் படித்தால், ஒரே துறையின் இருகரைகளிலும் நின்ற பெண்களின் குரல்கள் நமக்குக் கேட்கும்.

இவ்விரு பாடல்களையும் பாடினோர் ஆடவர், ஊடற் கூற்றுகள் புலனெறி வழக்கம், இவற்றைப் பெண்ணுள்ளத்திற்குச் சான்றாகக் கொள்ளலாமோ எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. எனினும் வாயில் மறுத்தல் என்னும் துறை மறுப்பைத்தான் விதிக்கும். தாளிப்புப் புகை பட்ட ஆடையை விதிக்காது. தலைவன் பொய்மொழியை இகழ்தல் மரபு. புகழ்ச்சியுள் முதுமையைக் கேட்டல் மரபன்று. வழக்கத்தின் எல்லையைக் கடந்த இக்கூறுகள் வாழ்க்கையை நோக்கியதனால் வந்தவை எனக் கொள்வதே பொருந்தும்.

ஆதலின் மருதப் பாடல்களை ஊடல் என்னும் ஒரு தலைப்பில் அடக்கிவிடாது, ஆடை, கூந்தல், மணம், வயது என்னும் குறிப்புகளைத் தனித்தனியே தொகுத்து ஆராய்தல் இளம் ஆராய்ச்சியாளர்க்குரிய கடமையாகும். மணத்தை மறுத்த பெண்ணுக்கு மூப்பைத் தவிர வேறு புகலிடம் இல்லை என்று ஔவை கதை கூறிற்று. மூப்பு வரும்பொழுதும் தன் மேனி தனதே, அதனைப் பற்றிய சொல்லும் தனதே என அகநானூற்றுத் தலைவி அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே கூறிவிட்டாள். கோவலூர் மூதாட்டியைப் போற்றும் நாம் அத்தலைவியின் சொல்லையும் கேட்டல் முறை.