அக்ரா அறிக்கையும் ஆலை வாசலும்

2004ஆம் ஆண்டு கானா நாட்டின் தலைநகராகிய அக்ராவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, பொருளாதாரத்திலும் படைப்பிலும் நீதி நிலவவேண்டும் என்பதைப் பொருளாகக் கொண்டு ஒரு விசுவாச அறிக்கையை வெளியிட்டது. தென்னிந்தியத் திருச்சபையும் அக்கூட்டமைப்பின் உறுப்பாகையால், அவ்வறிக்கை நமக்கு அயலாருடையதன்று. உலகமயமாதலைப் பற்றி நம் வகுப்புகளில் கற்பிக்கப்படுவனவற்றிலும் நம் பிரசங்கங்களிலும் அதன் சாயலை இன்றும் காணலாம். ஆயினும், அது போற்றப்பட்ட அளவுக்கு ஆராயப்படவில்லை என்பது நம் எண்ணம். ஆகவே அதன் நிறையையும் குறையையும் ஈண்டு ஒருங்கே நோக்குவோம்.

அறிக்கையின் நிறை

அக்ராவில் கூடிய பேராளர்கள் எல்மினா, கேப் கோஸ்ட் ஆகிய கடற்கரைக் கோட்டைகளைச் சென்று கண்டனர். அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கப்பலேற்றப்படும்வரை அடைத்துவைக்கப்பட்ட இடங்கள் அவை. எல்மினாக் கோட்டையை 1637இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர்கள் சீர்திருத்தச் சபை மரபினர். கீழே நிலவறைகளில் மாந்தர் அடைபட்டுக் கிடக்க, மேலே அவர்கள் கடவுளைத் தொழுதுவந்தனர். தொழுதவர்கள் கடவுளை மறுத்தவர்களல்லர். வணிகம் வேறு, விசுவாசம் வேறு என்று பிரித்துக்கொண்டவர்கள். அப்பிரிவினை பொய்யானது என்பதே அக்ரா அறிக்கையின் அடிப்படை. பொருளாதார ஒழுங்கைப் பற்றிய கேள்வி, திருச்சபை விரும்பினால் பேசவும் விரும்பாவிடில் விட்டுவிடவும் கூடிய சமுதாயப் பிரச்சினையன்று. அது கடவுளின் ஆளுகையை நாம் ஏற்கிறோமா என்னும் கேள்வி. இதனை ஐயத்துக்கு இடமின்றி எடுத்துரைத்தது இவ்வறிக்கையின் பெருஞ்சிறப்பு.

இதன் அமைப்பும் கருதத்தக்கது. 1934இல் ஜெர்மனியில் எழுந்த பார்மன் பிரகடனத்தைப் போலவே, விசுவசிப்பதை முதலிலும், அதன் விளைவாக மறுப்பதைப் பின்னரும் வைத்து இவ்வறிக்கை இயற்றப்பட்டுள்ளது. மனிதரைவிட இலாபத்தை முன்வைக்கும் ஒழுங்கை அது மறுக்கிறது. மறுப்பில் அதற்குத் தயக்கமில்லை.

முதற்குறை: வேலையைப் பற்றிய மௌனம்

சில ஆண்டுகளுக்குமுன் இவ்வறிக்கையை நாம் வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவர் எழுந்தார். அவருடைய தமக்கை ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துவந்தார். அவருடைய சம்பளத்தால்தான் அக்குடும்பத்தின் கடன் அடைந்தது. "ஐயா, இவ்வறிக்கையின்படி என் அக்காள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது பிழையா?" என்று அம்மாணவர் கேட்டார். அன்று நாம் சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை.

அறிக்கையில் குறை எங்குள்ளது என்பதை அக்கேள்வி காட்டிற்று. செல்வக் குவிப்பு, நுகர்வு வெறி, படைப்பின் அழிவு ஆகியவற்றை அறிக்கை விரிவாகப் பேசுகிறது. தொழிற்சங்கங்களும் ஏழைகளுக்கான பாதுகாப்பும் பொருளாதார வளர்ச்சிக்குப் பலியிடப்படுவதையும் சுட்டுகிறது. ஆனால் வேலையைத் தனிப்பொருளாகக் கொண்டு ஆராயும் பிரிவு அதில் இல்லை. உலகமயமாதல் தொழிலாளியின் வாழ்வில் முதலில் ஒரு கொடையாகவே வந்து சேருகிறது என்பதற்கு அங்கே இடமில்லை.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கருதுவோம். 1991இல் நம் அரசு புதிய பொருளாதாரக் கொள்கையை மேற்கொண்டது. 2005இல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் இயற்றப்பட்டது. திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஏறத்தாழ 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை செய்த காலம் உண்டு. அவர்கள் பெரும்பாலும் இளைஞர், பெண்கள் மிகுதி. நிலமற்ற குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், ஊரின் மேட்டுக்குடியினருடைய வயலில் தலைகுனிந்து நிற்காமல், தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்து மாதச் சம்பளம் பெறுவது சிறுபேறன்று. சாதி அமைப்பின் கொடுமையை அறிந்த எந்த ஆயரும் அதனை எளிதாகத் தள்ளிவிட மாட்டார்.

2014 ஏப்ரலில் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு விற்றது. வரி தொடர்பான வழக்கின் காரணமாக இவ்வாலை அவ்விற்பனையில் சேர்க்கப்படவில்லை. மைக்ரோசாஃப்ட் தனக்காகக் கைப்பேசி செய்து தரும் ஒப்பந்தத்தையும் முடித்துக்கொள்ளவே, 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு வெளியேறினர். 2019இல் வேறொரு நிறுவனம் அவ்விடத்தை வாங்க முன்வந்தது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. எட்டு ஆண்டுகள் உழைத்துச் சிதறிப்போனவர்களுக்கு அதனால் கிடைத்தது என்ன?

இங்கே அநீதி எதில் உள்ளது? வேலை வந்ததில் அன்று. வந்த வேலை எவ்வளவு காலம் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கடல்கடந்து இருந்ததிலும், அத்தீர்மானத்தின் இழப்பு முழுவதும் அதில் பங்கில்லாதவர்மேல் விழுந்ததிலும் உள்ளது. முதலுக்கு நாடுவிட்டு நாடு செல்லும் உரிமை உண்டு. உழைப்பவருக்கோ ஆலை வாசலில் நிற்கும் உரிமையே எஞ்சுகிறது. முழு ஒழுங்கையும் ஒருங்கே மறுக்கும் இறையியல் 2006இல் வேலை பெற்று மகிழ்ந்த அப்பெண்ணோடு மகிழ அறியாது. ஆகவே 2014இல் அவள் அழுதபோது அவளோடு அழவும் அதற்குச் சொல் கிடைக்கவில்லை.

இரண்டாம் குறை: பெயரிடப்படாத பாவம்

திருச்சபைகளும் இவ்வொழுங்கினால் பயன்பெறுகின்றன என்பதையும், அதற்காகப் பாவ அறிக்கை செய்யவேண்டும் என்பதையும் அக்ரா அறிக்கை ஒப்புக்கொள்கிறது. இதனை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அது பொதுச்சொற்களில் நின்றுவிடுகிறது. நாமோ அப்பொதுமையில் ஒளிந்துகொண்டோம். மறுப்புகளை மேடைகளில் முழங்கினோம், பாவ அறிக்கையை ஏட்டில் விட்டோம்.

பார்மன் பிரகடனத்தின் வரலாறு இங்கே நமக்கு எச்சரிக்கையாக அமைகிறது. அத்துணை உறுதியான அப்பிரகடனம் யூத மக்களைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அதனை வரைவதில் முதன்மையான பங்குகொண்ட கார்ல் பார்த், அம்மௌனம் தம் குற்றமே என்பதை 1967இல் எபர்ஹார்ட் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். எதிரியைச் சரியாக இனங்கண்ட அறிக்கையும் வாசலில் நிற்பவரைக் காணத் தவறலாம்.

நம் வாசலில் நிற்பவர் யார்? பன்னாட்டு நிறுவனங்களின் ஒப்பந்தக்கூலி முறையைக் கண்டிக்கும் நாம், நம் திருச்சபையின் கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவுகளில் கற்பிக்கும் ஆசிரியர் எத்துணை பேர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் நியமனத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டதுண்டா? நம் மருத்துவமனைகளில் துப்புரவுப் பணியைக் குத்தகைக்கு விட்டபின், அப்பணியாளர் கையில் சேரும் கூலி எவ்வளவு என்று விசாரித்ததுண்டா? நிரந்தரமற்ற வேலை, பேசவியலாத அச்சம், தீர்மானத்தில் பங்கின்மை ஆகிய மூன்றும் நம் வளாகச் சுவர்களுக்கு உள்ளேயும் உண்டு. எல்மினாவில் மேல்மாடியில் தொழுதவர்களை நாம் எளிதாகக் குறைகூறுகிறோம். நம் ஆலயத்துக்குக் கீழே எவ்வறை உள்ளது என்பதை யார் பார்ப்பது?

செய்யத்தக்கது

உபாகமம் 24ஆம் அதிகாரத்தின் 14, 15ஆம் வசனங்கள் நமக்கு வழிகாட்டுகின்றன. ஏழைக் கூலியாள் தன் இனத்தவனாயினும் அந்நியனாயினும் அவனுடைய கூலியை அந்நாளிலேயே, சூரியன் மறையுமுன், கொடுத்துவிடவேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. அது பொருளாதார ஒழுங்கைப் பற்றிப் பொதுவாகப் பேசவில்லை. காத்திருக்கும் சுமையை யார் சுமப்பது என்று கேட்கிறது. அச்சுமை ஏழையின்மேல் இராது கொடுப்பவன்மேல் இருக்கவேண்டும் என்று தீர்ப்பளித்து, அதற்கு ஒரு பொழுதையும் குறிக்கிறது.

அக்ரா அறிக்கையைக் கைவிடவேண்டும் என்பது நம் கருத்தன்று. அதனைச் சூரிய அத்தமனத்தின் அளவுக்கு இறக்கிக் கொண்டுவரவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். ஒவ்வொரு பேராயமும் தன் நிறுவனங்களில் நிரந்தரமின்றி உழைப்பவர்களின் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் ஆண்டுதோறும் மன்றத்தின்முன் வைக்கட்டும். வேலையிழந்தோர் தம் நிலையைச் சபையில் கூச்சமின்றிச் சொல்ல ஆயர்கள் இடமளிக்கட்டும். இறையியல் மாணவர்கள் தொழிற்பேட்டைகளில் தங்கி, பிரசங்கிக்குமுன் கேட்கப் பழகட்டும்.

அன்று எழுந்து கேட்ட அம்மாணவர் இப்போது ஒரு சேகரத்தில் ஆயராகப் பணிபுரிகிறார். அவருடைய கேள்விக்கு நாம் இன்று தரக்கூடிய விடை இதுவே: உம் தமக்கை வேலையை ஏற்றது பிழையன்று, அவ்வேலை பறிபோகக்கூடும் என்பதை அறிந்தும், அவருக்குத் துணைநிற்க ஆயத்தமாகாத திருச்சபையே பிழை செய்தது.