உடும்புப்பிடி வேண்டாம்

சுபாங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சௌஜானா திடலில் 2001 பிப்ரவரியில் மலேசிய ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்தது. நான்கு நாள் ஆடியும் ஃபிஜியின் விஜய் சிங்கும் அயர்லாந்தின் பாட்ரிக் ஹாரிங்டனும் சமநிலையில் நின்றார்கள். கூடுதல் குழிகளில் விஜய் சிங் வென்றார். அவருக்கு மலேசியா புதிய நாடல்ல. தொழில்முறை ஆட்டக்காரராக அவர் முதலில் வென்ற பட்டமே 1984ஆம் ஆண்டின் மலேசியப் பிஜிஏ பட்டம்தான். பிறகு சபா மாநிலத்தின் கெனிங்காவ் கழகத்தில் பிறருக்குக் கற்றுக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டே, ஓயாமல் பந்தடித்துத் தன் வீச்சைச் செதுக்கினார். 2004இல் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஆனார்.

அவருடைய வீச்சைக் காணொளியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மட்டை பந்தைத் தாண்டும் நேரத்தில் வலது உள்ளங்கை பிடியை விட்டு விலகித் திறந்துகொள்ளும். பந்தைத் தொலைவுக்கு அடிக்கிறவரின் கை, அடிக்கும் நேரத்தில் மட்டையை நெரிக்கவில்லை. இதை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. அது அவருடைய கைக்கே உரியது. ஆனால் அது காட்டும் உண்மை எல்லோருக்கும் உரியது: பந்தைத் தொலைவுக்கு அனுப்புவது மட்டைத்தலையின் வேகம். கையின் நெரிப்பு அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் எந்தக் கோல்ஃப் பயிற்சி ரேஞ்சுக்காவது மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். பந்தின் முன் நிற்கும்வரை ஆடுகிறவரின் கை தளர்வாகவே இருக்கும். மட்டை உச்சிக்குப் போய்த் திரும்பும்போது விரல் கணுக்கள் வெளுத்துவிடும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்பக்கமாக வளைந்து போகும். அடுத்த பந்தை இன்னும் இறுக்கி அடிப்பார். அது இன்னும் வளையும்.

காரணம் முன்கையில் இருக்கிறது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் கைவிரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்துதான் விரலுக்கு வருகின்றன. விரலை இறுக்கினால் மணிக்கட்டும் சேர்ந்து இறுகும். ஒரு பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துச் சோதிக்கலாம். மெல்லப் பிடித்து மணிக்கட்டை ஆட்டுங்கள், பிறகு முழு பலத்தோடு இறுக்கிக்கொண்டு ஆட்டுங்கள். இரண்டாவது முறை மணிக்கட்டு மரக்கட்டைபோல ஆகிவிடும். கோல்ஃப் வீச்சில் இதே இறுக்கம் மட்டைமுகம் நேராகத் திரும்புவதைத் தடுக்கிறது. முகம் திறந்தபடியே பந்தைத் தொடுகிறது. பந்து வலப்பக்கம் வளைந்து போகும் ஸ்லைஸ் பிறப்பது இப்படித்தான்.

நம்மவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலருடைய கை பூப்பந்தில் பழகிய கை. நானும் கோல்ஃப் மட்டையைத் தொடுவதற்கு முன் பல ஆண்டுகள் பிரிக்பீல்ட்ஸில் பூப்பந்து ஆடியவன். பூப்பந்தில் மட்டையைத் தளர்வாகப் பிடித்திருந்து, இறகுப்பந்தைத் தொடும் நொடியில் சட்டென்று இறுக்க வேண்டும். நூறு கிராமுக்கும் குறைவான மட்டைக்கு அந்த இறுக்கம் உயிர் கொடுக்கும். கோல்ஃபின் டிரைவர் மட்டையோ முந்நூறு கிராமைத் தாண்டும்; நீளம் ஒரு மீட்டருக்கும் மேல். மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தைக் குறிவைத்து இறுக்க எந்த மனிதக் கையாலும் முடியாது. இறுக்கம் முன்கூட்டியே வந்து, சேர்த்துவைத்த வேகத்தை வழியிலேயே தின்றுவிடும். எனக்குப் பல மாதங்கள் வலப்பக்க மரங்களோடுதான் பழக்கம். பழைய ஆட்டத்தில் என்னைக் காப்பாற்றிய பழக்கமே புதிய ஆட்டத்தில் குறுக்கே நின்றது என்பது புரிய வெகுநாள் ஆயிற்று.

அப்படியானால் கடைசிவரை பூவைப்போல ஏந்தியிருந்தால் போதுமா என்று கேட்கலாம். போதாது. இருநூறு கிராம் எடையுள்ள மட்டைத்தலை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றால், அது கையை வெளியே இழுக்கும் விசை 25 கிலோவுக்கும் மேல். அதைத் தாங்க விரல்கள் தாமாகவே பலம் கூட்டிக்கொள்கின்றன. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மட்டைப் பிடியில் உணரிகளைப் பொருத்தி இதை அளந்து 2008இல் வெளியிட்டார்கள். வீச்சு நெடுகிலும் அழுத்தம் ஏறி இறங்குகிறது. ஆளுக்கு ஆள் அந்த ஏற்ற இறக்கம் வேறுபட்டாலும், ஒரே ஆட்டக்காரரிடம் அது கையெழுத்தைப்போல மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது.

சீரான பிடி என்று பயிற்சியாளர்கள் சொல்வதை இந்த வெளிச்சத்தில்தான் புரிந்துகொள்ள வேண்டும். இழுவைக்கு ஏற்ப உடல் தானாகக் கூட்டும் பலம் ஒன்று. பயந்தோ ஆசைப்பட்டோ நாம் புகுத்தும் நெரிப்பு வேறொன்று. முதலாவதை உடலிடமே விட்டுவிடலாம். இரண்டாவதைத்தான் நிறுத்தியாக வேண்டும். நம் மனத்தில் உணரும் அழுத்தம் பந்தின் முன் நிற்கும்போது எவ்வளவோ, வீச்சு முடிந்து நிற்கும்போதும் அவ்வளவே இருக்க வேண்டும்.

எங்கே பிடிக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. அமெரிக்க கோல்ஃப் வீரர் பென் ஹோகன் 1957இல் வெளியான தன் பாடநூலில், இடது கையின் கடைசி மூன்று விரல்களுக்கும் வலது கையின் நடு இரண்டு விரல்களுக்கும்தான் பிடிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். வலது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அழுத்தத் தொடங்கினால் தோள்வரை விறைக்கும். பதற்றம் வந்தால் முதலில் அழுத்துவதும் அந்த இரண்டு விரல்கள்தான்.

நம் வானிலை இந்தப் பாடத்தை இன்னும் கடினமாக்குகிறது. ஆறாவது குழிக்குப் போவதற்குள் கையுறை நனைந்துவிடும். பிடி வழுக்குமோ என்ற சந்தேகம் எழுந்ததுமே கை இறுகிவிடும். ஆகவே இங்கே ஆடுகிறவருக்குப் பிடியைப் பராமரிப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. இரண்டு மூன்று கையுறைகளைப் பையில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன் உலர்ந்த துண்டால் பிடியைத் துடையுங்கள். மட்டைப் பிடிகளை அவ்வப்போது வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ரப்பர் தேய்ந்து பளபளத்தால் மாற்றிவிடுங்கள். கையை உலர்த்தும் பொடிக்கும் விதிகளில் இடமுண்டு. நம் திடல்களில் பரவலாக உள்ள அகல இலைக் கவ்கிராஸ் புல்லுக்குள் பந்து புதைந்தால், தொடக்கத்திலேயே கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் பிடித்த அளவை நடுவழியில் மாற்றாதீர்கள்.

பயிற்சிக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. மட்டை நழுவிவிடும் அளவுக்குத் தளர்வை ஒன்று என்றும், முழு பலத்தைப் பத்து என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் முன் நின்று, மூச்சை விட்டு, உங்கள் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு நான்கோ ஐந்தோ பொருந்தும். அரை வீச்சில் அடியுங்கள். முடித்த நிலையில் அசையாமல் நின்று மறுபடியும் எண்ணைச் சொல்லுங்கள். பந்து எங்கே போனது என்று பார்ப்பது அதன் பிறகு. இரண்டு எண்களும் ஒன்றாக வரும்வரை முழு வீச்சுக்குப் போக வேண்டாம்.

இந்த எண் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுவது நெருக்கடியில்தான். 2023 அக்டோபரில் கோலாலம்பூர் கோல்ஃப் அண்ட் கன்ட்ரி கழகத்தில் நடந்த மேபேங்க் மகளிர் போட்டியில், பிரான்ஸின் செலின் பூட்டியேவும் தாய்லாந்தின் ஆத்தயா திட்டிக்குலும் சமநிலைக்குப் பிறகு ஒன்பது கூடுதல் குழிகள் ஆடினார்கள். ஒன்பதாவதில் பூட்டியே வென்றார். ஒவ்வொரு அடியும் கடைசி அடியாக இருக்கக்கூடிய நிலையில், நம் ஊர்ப் புழுக்கத்தில், அத்தனை முறையும் இருவருடைய கைகளும் தாங்க வேண்டியிருந்தது.

எம். ராமையா, பி. குணசேகரன் காலத்திலிருந்து சிவா சந்திரன் வரை மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் தமிழர்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்த வரிசை நீள வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளைகளை இந்த ஆட்டத்துக்குக் கூட்டிவரும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: "ஓங்கி அடி" என்று பின்னாலிருந்து குரல் கொடுக்காதீர்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் சின்னக் கை இறுகுகிறது. ஒருமுறை பழகிய இறுக்கத்தைக் கழற்ற எத்தனை மாதம் ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன்.

நம் திடல்களின் குளக்கரைகளில் உடும்புகள் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். உடும்பு பிடித்தால் விடாது என்று அதன் பிடியைப் பெருமையாகச் சொல்வோம். அந்தப் பெருமை குளக்கரையிலேயே இருக்கட்டும். பிள்ளை அடித்து முடித்ததும் "எவ்வளவு தூரம் போனது" என்று கேட்பதற்கு முன், "இப்போது எத்தனை" என்று கேளுங்கள். நான்கில் தொடங்கியவன் நான்கு என்றே சொன்னால், பந்து எங்கே விழுந்திருந்தாலும் அன்று தட்டிக்கொடுங்கள்.