ஆண்டிமடத்துக்கு யார் எம்.எல்.ஏ.?

ஆண்டிமடம் என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் காணாமல் போய்விட்டது. ஊர் அங்கேயேதான் இருக்கிறது, ஜெயங்கொண்டம் தொகுதிக்குள்.

1989-ல் அங்கே ஜெயித்தவர் தி.மு.க.வின் சிவசுப்பிரமணியன். பிற்பாடு ராஜ்யசபா எம்.பி.யாகவும் இருந்தார். 2001-ல் பா.ம.க.வின் காடுவெட்டி குரு. 2006-ல் சிவசுப்பிரமணியனின் மகன் எஸ்.எஸ்.சிவசங்கர். தொகுதியின் கடைசி எம்.எல்.ஏ. அவர்தான். 2011-ல் குரு ஜெயங்கொண்டத்திலும், சிவசங்கர் பக்கத்துக் குன்னத்திலும் ஜெயித்தார்கள். ஆக, அந்தச் சட்டசபையில் ஆண்டிமடத்தின் முன்னாள் எம்.எல்.ஏ.க்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆண்டிமடம்தான் இல்லை!

அப்பா, மகன் என்றதும் 'வாரிசு' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். வாரிசு அரசியலை நானும் ரசிப்பவன் இல்லை. ஆனால் சிவசங்கரின் பாதையில் கவனிக்க வேண்டியது வேறு. அவர் நேராகக் கோட்டைக்குப் போகவில்லை. 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெரம்பலூர் மாவட்ட ஊராட்சித் தலைவராக வந்தார். எம்.எல்.ஏ. ஆனது பத்து வருஷம் கழித்து. 2016-ல் அரியலூரில் தோற்றார். 2021-ல் குன்னத்தில் மறுபடி ஜெயித்து அமைச்சரானார். முதலில் பிற்படுத்தப்பட்டோர் நலம், 2022-ல் போக்குவரத்து.

கீழ்ப்படியில் கால் வைத்து ஏறியவர் என்பதால் எனக்கு அவரிடம் கொஞ்சம் கூடுதல் எதிர்பார்ப்பு உண்டு.

நம் ஊரில் எம்.எல்.ஏ. என்றால் யார்? கல்யாணத்துக்கு வரணும், சாவுக்கு வரணும், தெருவிளக்கு எரியலேன்னா அவருகிட்டதான் சொல்லணும். சட்டசபையில் என்ன பேசினார் என்று எவரும் கேட்பதில்லை. அவருக்கும் அதுதான் சௌகரியம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆளுக்கு வருஷம் 3 கோடி வரை உயர்ந்தது. 234 பேருக்குக் கணக்குப் போட்டால் 702 கோடி. நிழற்குடை கட்டலாம், அதில் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ளலாம். இந்த வேலையெல்லாம் ஊராட்சியின் வேலை. அதே 1996-ல் கேரளத்தில் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். இங்கே ஊராட்சித் தலைவர் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்கிறார்.

அந்தத் தலைவராவது எப்போதும் இருந்தாரா என்றால், அதுவும் கிடையாது. 2016-ல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், தி.மு.க. தொடுத்த வழக்கில் நின்றது. அ.தி.மு.க. அரசும் அவசரம் காட்டவில்லை. அரியலூர், பெரம்பலூர் உட்பட 27 மாவட்டங்களின் கிராமங்களில் ஓட்டுப்பெட்டி வந்தது 2019 டிசம்பரில்தான். மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ராஜ்யம். ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் குழாயில் தண்ணி வரும்.

சரி, அது அவர்கள் ஆட்சி என்று சமாதானம் சொல்லலாம். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அப்போது ஆட்சி தி.மு.க.வுடையது. தேர்தல் நடத்தினார்களா? இல்லை. சட்டசபையில் மசோதா கொண்டுவந்து மறுபடியும் தனி அலுவலர்களை உட்கார வைத்தார்கள். அந்த மந்திரிசபையில்தான் மாவட்ட ஊராட்சித் தலைவராக ஆரம்பித்த சிவசங்கரும் இருந்தார்.