கம்பிவேலிக்கு உள்ளே ஒரு கமரா

மேடை நாடகத்தைக் குறைந்த செலவிற் படமாக்க முனைவோர், பார்வையாளர் வரிசையின் நடுவே கமராவை நாட்டிவிட்டுத் திரை விழும்வரை காத்திருப்பதே வழக்கம். கிடைப்பது நாடகமுமன்று, திரைப்படமுமன்று. கைத்தொலைபேசியிற் படம்பிடிக்கும் இன்றைய மாணவர் மன்றங்களும் இவ்வழக்கத்தை விட்டபாடில்லை. கேட்டால், பணமில்லை என்பர். ஜொனாஸ் மெக்காஸின் 'த பிறிக்' (1964) படத்தைப் பார்த்தபின் இச்சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை.

கெனத் பிறவுண் 1957இல், யப்பானின் பூஜி மலையடிவாரத்திலிருந்த அமெரிக்க மரைன் படையின் சிறையில் அடைபட்டிருந்தவர். அவ்வனுபவத்திற் பிறந்த அவரது நாடகத்தை 1963இல் லிவிங் தியேட்டர் குழுவினர் நியூயோர்க்கில் மேடையேற்றினர். நெறியாள்கை ஜூடித் மலினா. அவ்வாண்டு ஒக்டோபரில், வரிப்பாக்கியைக் காரணங்காட்டி அரசு அரங்கைக் கைப்பற்றியது. பின்னர், மூடிய அரங்கினுள் நடிகர்களும் மெக்காஸும் களவாக நுழைந்து, ஒரே இரவிற் படப்பிடிப்பை முடித்தனர்.

கையிலிருந்தவை, ஒலியையும் அதே சுருளிற் பதியும் 16 மி.மீ. கமராக்கள். சுமார் பத்து நிமிடத்திற்கொருமுறை சுருள் மாற்றவேண்டும். மெக்காஸ் கமராவைச் சுமந்துகொண்டு மேடைக்கே ஏறிவிட்டார். தரையிலுள்ள ஒவ்வொரு வெள்ளைக் கோட்டையும் கடக்கக் கைதி உரத்த குரலில் அனுமதி கேட்கவேண்டும், ஓடவேண்டும், அடிவாங்கவேண்டும். கமராவும் கூடவே ஓடுகிறது. சில அடிகள் அது திரும்புமுன்பே விழுந்துவிடுகின்றன. போர்முனைச் செய்தியாளனுக்கும் அப்படித்தானே நேரும்! சப்பாத்தொலியிலும் கூச்சலிலும் சொற்கள் சிதைகின்றன. வறுமை இங்கே உருவமாகிவிட்டது. நடிகர்களைக்கொண்டு எடுத்த இப்படம் வெனிஸ் விழாவில் ஆவணப்படத்துக்கான பரிசைப் பெற்றதில் வியப்பில்லை.

ஆயினும் ஓர் இழப்பை மறைத்தலாகாது. அரங்கில் மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே கம்பிவேலி நின்றது. கட்டணஞ் செலுத்தி வந்தவன் வேலிக்கு இப்பால் அமர்ந்து, சக மனிதன் வதைபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்விருக்கையே ஒரு குற்றச்சாட்டு. நம்மை வேலிக்குள் இழுத்துச் செல்லும் படம் அந்த வெட்கத்திலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறது.

இன்னொரு குறை நாடகத்துக்கே உரியது. சிறை இருப்பது யப்பானிய மண்ணில். ஆனால் யப்பானியர் ஒருவரேனும் இதில் இல்லை. தோற்ற நாட்டில் வென்ற படை ஏன் தளமிட்டிருக்கிறது என்று பிறவுண் கேட்கவில்லை. மேடையெங்கும் மூச்சிரைக்க ஓடிய மெக்காஸின் கமராவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.